திருகாணிக்கு எத்தனை குறியீடுகள்? இறக்குமதி எஃகுத் திருகாணிகளின் சுங்க வகைப்பாடு: ஓர் எளிய அறிமுகம்

இதை எழுதும் மேசையின் மீது ஆறு பொருள்களை வரிசையாக வைத்திருக்கிறேன். முதலாவது, நான்கு அங்குல நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்ட கனத்த திருகாணி. அதன் தலை அறுகோணமாக இருக்கிறது, தலையில் பள்ளம் எதுவும் இல்லை, உடல் முனையை நோக்கிக் கூம்பிச் செல்கிறது. இரண்டாவது, தச்சர்கள் பிளைவுட்டில் இறக்குகிற, தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளமும் கூர்முனையும் உடைய மெல்லிய திருகாணி. மூன்றாவது, கூரைத் தகடு பொருத்துகிறவர்கள் இடுப்புப் பையில் கைநிறைய வைத்திருப்பது. அதன் முனை துளையிடும் பிட்டைப் போலவே செதுக்கப்பட்டிருக்கும், தலைக்கடியில் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். நான்காவது, நட்டுடன் கூடிய எம்8 அளவுப் போல்ட். ஐந்தாவது, சுவரில் படம் மாட்டுவதற்காக ஒரு முனை கொக்கியாக வளைந்து, மறுமுனையில் மரை வெட்டப்பட்டது. ஆறாவது, பொன்னிறத்தில் இருக்கும் ஒரு பித்தளைத் திருகாணி.

ஆறையும் ஒரே ஹார்டுவேர் கடையில், பக்கத்துப் பக்கத்து டப்பாக்களில் இருந்து எடுத்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டு விற்பனையாளரின் இன்வாய்ஸிலும் இவை அனைத்தும் ‘ஸ்க்ரூ, பல வகை’ என்ற ஒரே வரியில் வந்துவிடக்கூடும். ஆனால் சுங்கத்துறையின் கண்ணில் இவை ஆறு வெவ்வேறு பொருள்கள். முதல் ஐந்தும் ஒரே தலைப்பின் கீழ் ஐந்து தனித்தனித் துணைத்தலைப்புகளில் அமர்கின்றன. ஆறாவது அந்த அத்தியாயத்திலேயே இல்லை. இந்தப் பிரிப்பு எந்த அடிப்படையில் நடக்கிறது என்பதை, முதன்முறையாகத் திருகாணி இறக்குமதி செய்யப்போகும் ஒருவர் பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்புப் படிவத்தில், கையெழுத்திடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. ‘அதெல்லாம் கிளியரிங் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடுவது எளிது. ஆனால் குறியீடு தவறானால் நோட்டீஸ் வருவது இறக்குமதியாளரின் பெயருக்குத்தான்.

ஜி.எஸ்.டி. பில்களில் ‘எச்.எஸ்.என்.’ என்ற எண்ணைப் பார்க்காத வணிகர் இன்று இல்லை. அந்த எண்ணின் தாய்வீடு, உலகச் சுங்க அமைப்பு பராமரித்துவரும் எச்.எஸ். என்ற பன்னாட்டுப் பொருள் பட்டியலாகும். அதற்கான உடன்படிக்கை 1983-இல் பிரசல்ஸ் நகரில் உருவாகி, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலகில் வணிகமாகும் ஏறத்தாழ எல்லாப் பொருள்களையும் அது 21 பிரிவுகளாகவும், அவற்றுக்குள் அத்தியாயங்களாகவும், அவற்றுக்குள் நான்கு இலக்கத் தலைப்புகளாகவும், இறுதியில் ஆறு இலக்கத் துணைத்தலைப்புகளாகவும் பகுத்து வைத்திருக்கிறது. ஆறு இலக்கம்வரை உலகப் பொது. அதற்குமேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா மேலும் இரண்டைச் சேர்த்து எட்டாக்கியிருக்கிறது. 1975-ஆம் ஆண்டின் சுங்கவரி அட்டவணைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது இந்த எட்டு இலக்கப் பட்டியல்தான். எனவே தைவானிலிருந்தோ சீனாவிலிருந்தோ விற்பனையாளர் அனுப்பும் குறியீட்டில் முதல் ஆறு இலக்கங்களை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, மீதி இலக்கங்கள் அவர் நாட்டுக்குரியவை. அவற்றை அப்படியே நகலெடுப்பதில் பொருளில்லை. முதல் ஆறும்கூட அவர் கருத்துதான். நம் சுங்கத்துறையை அது கட்டுப்படுத்தாது.

எஃகுத் திருகாணிகளின் இடம் பிரிவு 15-இல், அத்தியாயம் 73-இல், தலைப்பு 7318-இல் இருக்கிறது. அந்தத் தலைப்பின் வாசகம் நீளமானது: இரும்பு அல்லது எஃகினாலான ஸ்க்ரூ, போல்ட், நட்டு, கோச் ஸ்க்ரூ, ஸ்க்ரூ கொக்கி, ரிவெட், காட்டர், காட்டர் பின், ஸ்பிரிங் வாஷர் உள்ளிட்ட வாஷர்கள், இவற்றை ஒத்த பொருள்கள் ஆகியவை அதில் அடங்கும். இந்த வாசகத்தை முழுமையாகப் படித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், வகைப்பாட்டுக்கான பொது விளக்க விதிகள் ஆறில் முதல் விதியே, பிரிவுகளுக்கும் அத்தியாயங்களுக்கும் இடப்பட்டிருக்கும் பெயர்கள் தேடும் வசதிக்கு மட்டுமே என்றும், சட்டப்படி முடிவு செய்வது தலைப்புகளின் வாசகமும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளுமே என்றும் சொல்கிறது. குறிப்புகளைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பார்த்துக் குறியீடு எழுதுவது, வில்லங்கச் சான்று பார்க்காமல் நிலம் வாங்குவதைப் போன்றது.

முதலில் உலோகம். மேசையில் இருக்கும் ஆறாவது திருகாணி பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலப்புலோகம். அதில் செம்பே மிகுதி என்பதால் அது அத்தியாயம் 74-க்குச் சென்று, தலைப்பு 7415-இல் அமர்கிறது. அலுமினியத் திருகாணி 7616-இல் வரும். பிளாஸ்டிக் என்றால் அத்தியாயம் 39. ஆனால் பொன்னிறமெல்லாம் பித்தளையாகிவிடாது. பித்தளை முலாம் பூசிய எஃகுத் திருகாணியும் அதே நிறத்தில்தான் இருக்கும், அது எஃகுதான். துத்தநாக முலாமோ நிக்கல் முலாமோ எஃகின் வகைப்பாட்டை மாற்றுவதில்லை. உலோகங்கள் கலந்திருக்கும் பொருளில் எடையில் மிகுந்த உலோகமே கணக்கு என்று பிரிவு 15-இன் குறிப்பு சொல்கிறது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். முலாம் பூசிய சாதாரண எஃகைப் பித்தளையிலிருந்து பிரிக்க அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் 304 வகைத் துருவேறா எஃகு காந்தத்தில் ஒட்டுவது மிகக் குறைவு, அது எஃகல்ல என்று யாரேனும் முடிவு கட்டிவிட்டால் அது பெரும் பிழையாகும். ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதே சரியான வழி. துருவேறா எஃகா, சாதாரணக் கார்பன் எஃகா என்ற வேறுபாடு, 7318-ஐப் பொறுத்தவரை இந்திய அட்டவணையில் குறியீட்டை மாற்றுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தலைப்புக்குள் நுழைந்ததும் முதல் பிரிப்பு, மரை உண்டா இல்லையா என்பது. மரை உள்ளவை 7318 11 முதல் 7318 19 வரை. மரை இல்லாதவை, அதாவது வாஷர், ரிவெட், காட்டர் போன்றவை, 7318 21 முதல் 7318 29 வரை. மரையற்றவற்றில் பெரிய சிக்கல் வருவதில்லை. மரை உள்ளவற்றில்தான் வேலை இருக்கிறது.

7318 11 என்பது கோச் ஸ்க்ரூ. 7318 12 என்பது ஏனைய மரத் திருகாணிகள். 7318 13 ஸ்க்ரூ கொக்கியும் ஸ்க்ரூ வளையமும். 7318 14 செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ. 7318 15 ஏனைய ஸ்க்ரூக்களும் போல்ட்டுகளும், நட்டோ வாஷரோ உடன் வந்தாலும் வராவிட்டாலும். 7318 16 நட்டு. 7318 19 இவற்றில் எதிலும் அடங்காத மரையுள்ள பொருள்கள்.

இந்தப் பெயர்களுக்கு அட்டவணையிலேயே விளக்கம் கிடையாது. விளக்கம் இருப்பது உலகச் சுங்க அமைப்பு வெளியிடும் விளக்கக் குறிப்புகளில். இந்திய அட்டவணை எச்.எஸ். அமைப்பின்மீது எழுப்பப்பட்டது என்பதால் வகைப்பாட்டில் ஐயம் எழும்போது அந்தக் குறிப்புகளைப் பாதுகாப்பான வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்பது, 1995-இல் உச்ச நீதிமன்றம் வுட்கிராஃப்ட் பிராடக்ட்ஸ் வழக்கில் சொன்ன நிலைப்பாடு. ஆகவே மேசையில் இருப்பவற்றை அந்தக் குறிப்புகளின் கண்கொண்டு பார்ப்போம்.

மரத்துக்கான திருகாணியைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். அது கூம்பியிருக்கும், முனை கூர்மையாக இருக்கும், மரைகளுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கும், மரையின் விளிம்பு விரலை உறுத்தும். மரத்தைக் கடித்துக்கொண்டு தானே வழி செய்து இறங்க வேண்டிய பொருள் என்பதால்தான் அதற்கு அந்த உருவம். அதற்கு நட்டு ஒருபோதும் வராது. அதன் தலையில் பெரும்பாலும் ஒரு பள்ளம் இருக்கும். கோச் ஸ்க்ரூவும் இதே குடும்பம்தான். ஆனால் அது பெரியது, தலை சதுரமாகவோ அறுகோணமாகவோ இருக்கும், பள்ளம் இருக்காது, ஸ்பேனரால்தான் முறுக்க வேண்டும். ரயில் தண்டவாளத்தை மரக்கட்டைகளோடு பிணைப்பதற்கும், கனத்த கூரை மரங்களை இணைப்பதற்கும் பயன்பட்டுவந்த பொருள் அது. அட்டவணையில் 7318 12-ஐ வெறுமனே ‘மரத் திருகாணி’ என்று எழுதாமல் ‘ஏனைய மரத் திருகாணிகள்’ என்று எழுதியிருப்பதற்குக் காரணம், கோச் ஸ்க்ரூவும் ஒரு மரத் திருகாணியே என்பதுதான். பார்ட்டிக்கிள் போர்டில் இறக்கும் திருகாணியும் இந்த 7318 12-இல் வருகிறது.

இப்போது எம்8 போல்ட்டை எடுங்கள். உடல் உருளையாக இருக்கிறது, கூம்பவில்லை. மரை நெருக்கமாகவும் ஆழம் குறைந்தும் இருக்கிறது. முனை கூராக இல்லை. ஏற்கெனவே மரை வெட்டப்பட்ட ஒரு துளைக்குள்ளோ நட்டுக்குள்ளோ போகவேண்டிய பொருள் என்பதால் அது எதையும் கடிக்க வேண்டியதில்லை. உலோகத்துக்கான திருகாணியும் போல்ட்டும் இப்படித்தான் இருக்கும், இரண்டும் 7318 15. இரு முனையிலும் மரையுள்ள ஸ்டட், நீளம் முழுவதும் மரை வெட்டிய த்ரெட் ராட், யு வடிவப் போல்ட் ஆகியவையும் இங்கேயே வருகின்றன. மீட்டர் கணக்கில் நீளமாக வரும் த்ரெட் ராடைக் ‘கம்பி’ என்று நினைத்து அத்தியாயம் 72-இல் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மரை இன்னும் வெட்டப்படாத போல்ட்டும் நட்டும்கூட, அவற்றின் முழுமையான உருவம் வந்துவிட்டது என்பதால் 7318-இலேயே அடங்குகின்றன.

செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குழப்பமும் அங்கேதான் பிறக்கிறது. மரத் திருகாணியைப் போலவே அதற்கும் கூர்முனையும் வெட்டும் மரையும் உண்டு. ஆனால் அது இறங்குவது மெல்லிய உலோகத் தகடு, பிளாஸ்டிக், பளிங்கு, ஸ்லேட் போன்றவற்றில். கூரைத் தகட்டுத் திருகாணி தன் துளையைத் தானே இட்டு, மரையையும் தானே வெட்டிக்கொள்வதால் அது 7318 14-இல் வருகிறது; தலைக்கடியில் இருக்கும் ரப்பர் வாஷர் மழைநீரைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டதே அன்றிப் பொருளின் முதன்மைத் தன்மையைத் தருவது அதுவல்ல என்பதால் வாஷரைத் தனியே பிரிக்க வேண்டியதில்லை. ஜிப்சம் பலகைக்கான கறுப்புத் திருகாணியில்தான் நிதானம் தேவை. அதில் மரை நெருக்கமாக உள்ள வகை மெல்லிய உலோகச் சட்டங்களில் இறங்குவதற்காகவும், மரை அகன்ற வகை மரச் சட்டங்களில் இறங்குவதற்காகவும் செய்யப்படுகின்றன. அவை ஒரே நிறம், ஒரே தலை, ஒரே பெயர் கொண்டவை. எனினும் ஒன்று 7318 14-ஐ நோக்கியும் மற்றொன்று 7318 12-ஐ நோக்கியும் நகர்கின்றன. உற்பத்தியாளரின் கேட்டலாக் பக்கத்தை ஆவணங்களோடு இணைக்காமல் இதை வெறும் பெயரை வைத்து நிறுவ முடியாது.

இந்திய அட்டவணையில் மட்டுமே உள்ள ஒரு வழுக்குப்பாறையையும் சொல்ல வேண்டும். கணினியில் ‘மெஷின் ஸ்க்ரூ’ என்று தேடினால் 7318 11 10 என்ற வரி வந்து நிற்கும். பெயர் அச்சு அசலாகப் பொருந்துவதால் தேடுகிறவர் அங்கேயே நின்றுவிடுவார். ஆனால் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் உள்ள சிறு கோடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கோடு போட்ட வரி ‘மரையுள்ள பொருள்கள்’. அதன்கீழ் இரண்டு கோடு போட்ட வரி ‘கோச் ஸ்க்ரூ’. அதன்கீழ் மூன்று கோடு போட்ட வரியாகத்தான் ‘மெஷின் ஸ்க்ரூ’ வருகிறது. விளக்க விதிகளில் ஆறாவது, ஒரே மட்டத்தில் உள்ள வரிகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும் என்கிறது. அதாவது, முதலில் இரண்டு கோட்டு வரிகளுக்குள் உங்கள் பொருளின் இடத்தைத் தீர்மானித்துவிட்டுத்தான் மூன்று கோட்டு வரிக்குள் இறங்க முடியும். கோச் ஸ்க்ரூ அல்லாத ஓர் எம்4 மெஷின் ஸ்க்ரூ அந்த வாசலைத் தாண்டவே முடியாது. உலோகத்துக்கான திருகாணி என்பதால் அது இயல்பாகப் போய்ச் சேரும் இடம் 7318 15 00. வீட்டுக் கதவைத் தாண்டாமல் உள் அறைக்குப் போக முடியாது என்பதைப் போன்ற எளிய முறை இது, ஆனால் தேடுபொறி கதவுகளைக் காட்டுவதில்லை.

அடுத்து வருவது, புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம். ‘இது கார் எஞ்சினுக்கென்றே செய்யப்பட்ட போல்ட், வேறெதற்கும் பயன்படாது, ஆகவே 8708-இல் வாகன உதிரிபாகம்தானே?’ என்ற கேள்வி. கேட்பவருக்கு அது முற்றிலும் நியாயமாகத் தோன்றும். பதில், இல்லை என்பதே. பிரிவு 15-இன் இரண்டாம் குறிப்பு, 7318-இல் வரும் பொருள்களைப் ‘பொதுப் பயன்பாட்டு உதிரிபாகங்கள்’ என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. வாகனங்களுக்கான பிரிவு 17-இன் குறிப்பு, அத்தகைய பொதுப் பயன்பாட்டு உதிரிபாகங்கள் அந்தப் பிரிவின் பொருளுக்கென்றே செய்யப்பட்டவை என்று அடையாளம் தெரிந்தாலும்கூட அவை ‘பாகம்’ என்ற சொல்லில் அடங்கா என்று வெளிப்படையாக விலக்குகிறது. இயந்திரங்களுக்கான பிரிவு 16-இலும் இதே விலக்கு உண்டு. ஆகவே காருக்கான போல்ட்டும், பம்ப் செட்டுக்கான போல்ட்டும், விமானத்துக்கான போல்ட்டும், எஃகாக இருக்கும்வரை 7318 தான். யார் வாங்குகிறார், எதில் மாட்டுகிறார், விலை எவ்வளவு என்பவை இங்கே கேட்கப்படுவதில்லை.

இந்த விதிக்கு 2022-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு விதிவிலக்கு சேர்ந்தது. மருத்துவம், அறுவைச் சிகிச்சை, பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் உடலுக்குள் பொருத்தும் சாதனங்களில் மட்டுமே பயன்படுத்துவதற்கென்று தனியே வடிவமைக்கப்பட்டவை பொதுப் பயன்பாட்டு உதிரிபாகங்கள் அல்ல, அவை 9021-க்குச் செல்லும் என்று அதே குறிப்பில் எழுதப்பட்டது. எலும்பு முறிவில் தகட்டைப் பொருத்த இறக்கும் திருகாணி திருகாணிதானே என்ற வாதத்துக்கு, குறிப்பின் வாசகத்தை மாற்றித்தான் முற்றுப்புள்ளி வைக்க வேண்டியிருந்தது. அட்டவணையில் ஒரு சொல்லுக்கு இருக்கும் கனம் இதிலிருந்து தெரியும்.

‘ஸ்க்ரூ’ என்று அழைக்கப்பட்டாலும் 7318-இல் வராதவை வேறு சிலவும் உண்டு. 7318-இன் பொருள்கள் இரண்டு பொருள்களை இறுக்கிப் பிணைப்பவை. இயக்கத்தைக் கடத்துவதற்கோ பொருளை நகர்த்துவதற்கோ இருக்கும் மரைத்தண்டு பிணைப்பான் ஆகாது. கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தின் மேசையை நகர்த்தும் பால் ஸ்க்ரூ (சிறு குண்டுகளின்மீது உருளும் மரைத்தண்டு), 8483-இல் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. தானியத்தையோ தண்ணீரையோ மேலேற்றும் ஆர்க்கிமிடீஸ் திருகு அத்தியாயம் 84-ஐச் சேர்ந்தது. பியானோவின் கம்பிகளை முறுக்கும் மரையுள்ள முளை, இசைக்கருவிகளின் பாகமாக 9209-இல் இருக்கிறது. சாதாரண ஆணி, மரை இல்லாததால், 7317. பிரித்த நிலையில் பெட்டியில் வரும் அலமாரியோடு சேர்ந்து அதைப் பூட்டுவதற்கான திருகாணிப் பொட்டலமும் வந்தால், இரண்டாம் விதிப்படி பிரித்து அனுப்பப்பட்ட பொருளும் முழுப் பொருளே என்பதால், அந்தத் திருகாணிகள் அலமாரியோடு அத்தியாயம் 94-க்குப் போய்விடும். அதே திருகாணிகள் தனிச் சரக்காக வந்தால் 7318-க்குத் திரும்பிவிடும்.

ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் நாற்பது திருகாணி, நாற்பது ராவல் பிளக் (திருகாணியைப் பிடித்துக்கொள்ளச் சுவர்த் துளையில் செருகும் உறை) என்று சில்லறை விற்பனைக்கான தொகுப்பாக வந்தால் மூன்றாம் விதியைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு வேலைக்காகச் சேர்த்து, மறுபடி பிரித்துக் கட்டாமல் அப்படியே விற்கத்தக்கதாக இருக்கும் தொகுப்பு, அதற்கு முதன்மைத் தன்மையைத் தரும் பொருளின் குறியீட்டில் வகைப்படும். பாரத்தைத் தாங்கிப் பிணைப்பது திருகாணி என்று காட்ட முடிந்தால் தொகுப்பு முழுவதும் அதன் வழியே செல்லும். ஆனால் திருகாணி ஒரு மூட்டை, பிளக் ஒரு மூட்டை என்று மொத்தமாக வருவது தொகுப்பு அல்ல. அவற்றுக்குத் தனித்தனி வரி எழுத வேண்டும்.

போல்ட்டா ஸ்க்ரூவா என்ற கேள்வி இந்தியாவில் 7318 15-க்குள் எந்த மாற்றத்தையும் கொண்டுவருவதில்லை. அமெரிக்காவில் அது பணத்தைத் தீர்மானிக்கிறது. அங்கே ஆறு இலக்கத்துக்குப் பிறகு போல்ட்டுக்கு ஒரு வரி, ஏனைய ஸ்க்ரூக்களுக்கு வேறு வரி. அடிப்படை அட்டவணையின்படி போல்ட்டுக்கு வரியே இல்லை, 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள ஏனைய ஸ்க்ரூவுக்கு 8.5 சதவீதம். எஃகுப் பொருள்கள்மீது அந்நாடு பின்னர் விதித்த கூடுதல் வரிகள் தனிக் கணக்கு. நட்டை முறுக்கி இறுக்குவதற்காக வடிவமைக்கப்பட்டது போல்ட், தலையை முறுக்கி இறுக்குவதற்காக வடிவமைக்கப்பட்டது ஸ்க்ரூ என்பது அங்கே பின்பற்றப்படும் பொறியியல் தரநிலையின் அளவுகோல். ராக்னெல் ஃபாஸ்ட்னர் வழக்கில் இறக்குமதியாளர் தம் சரக்கைப் போல்ட் என்றார், சுங்கத்துறை ஸ்க்ரூ என்றது. 2001-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சுங்கத்துறையின் வகைப்பாட்டையே உறுதிசெய்தது. திருப்பூரிலிருந்து ஆடை அனுப்புகிறவரைப் போலவே, லூதியானாவிலிருந்தோ கோவையிலிருந்தோ பிணைப்பான்களை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்கிறவரும் எதிர்முனையின் அட்டவணையைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

இனி, குறியீட்டால் என்ன மாறுகிறது என்பதற்கு வருவோம். 2021 பிப்ரவரி 1 அன்று தாக்கலான மத்திய நிதிநிலை அறிக்கையில், சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஆதரவாக எஃகுத் திருகாணிகளின் அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரக்கின் மதிப்பீட்டு மதிப்பு 10,00,000 ரூபாய் என்று கொண்டால், அடிப்படைச் சுங்கவரி 1,50,000 ரூபாய். அந்த வரியின்மீது 10 சதவீதமாகச் சமூகநலக் கூடுதல் வரி 15,000 ரூபாய். மதிப்பையும் இவ்விரண்டையும் கூட்டி வரும் 11,65,000 ரூபாயின்மீது 18 சதவீத ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 2,09,700 ரூபாய். ஆக மொத்தம் 3,74,700 ரூபாய். இதில் ஜி.எஸ்.டி. பகுதியை உள்ளீட்டு வரவாக, அதாவது விற்பனையின்போது கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ள முடியும். சுங்கவரியும் அதன்மீதான கூடுதல் வரியும் திரும்பி வராது, அது விலையில் ஏறிவிடும். தடையற்ற வணிக ஒப்பந்தச் சலுகை கோருவதாக இருந்தாலும், அந்தச் சலுகையும் பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதைத் தீர்மானிக்கும் பிறப்பிட விதிகளும் இதே குறியீட்டில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. விகிதங்கள் மாறக்கூடியவை என்பதால் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் நாளில் நடைமுறையில் உள்ள அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரி மட்டுமல்ல, சரக்கை உள்ளே கொண்டுவர அனுமதி உண்டா என்பதும் குறியீட்டில் தங்கியிருக்கிறது. 2024 ஜனவரித் தொடக்கத்தில் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம், 7318-இன்கீழ் வரும் குறிப்பிட்ட சில எட்டு இலக்கத் திருகாணி வரிகளில், சி.ஐ.எஃப். மதிப்பு (பொருளின் விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்தது) கிலோவுக்கு 129 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் இறக்குமதிக்குத் தடை என்று அறிவித்தது. ஒரு துணைத்தலைப்பில் எழுதினால் தடைக்குள், பக்கத்தில் எழுதினால் தடைக்கு வெளியே என்ற நிலை வரும்போது, ஒரு சிறு எழுத்துப்பிழையைக்கூட அதிகாரி பிழையாகப் பார்க்காமல் உள்நோக்கமாகப் பார்க்கக்கூடும்.

சட்டத்தின் நிலையும் அதற்கேற்பவே இருக்கிறது. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 2011-இல் செய்யப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு, சரக்கின் வகைப்பாட்டையும் வரியையும் முதலில் கணிப்பது இறக்குமதியாளரின் பொறுப்பு; அதிகாரி அதைச் சரிபார்க்கிறார். குறைவாகச் செலுத்திய வரியை வட்டியுடன் கேட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் நோட்டீஸ் அனுப்ப 28-ஆம் பிரிவு இடமளிக்கிறது. வேண்டுமென்றே தவறாகச் சொன்னதாகவோ உண்மையை மறைத்ததாகவோ குற்றம்சாட்டினால் அந்தக் காலம் ஐந்து ஆண்டுகளாக நீளும், அபராதமும் வரும். ஐந்து ஆண்டுகளில் திருகாணிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்து, யார் யார் வீட்டுக் கூரையிலோ துருவேறிக்கொண்டிருக்கும்; அப்போது ‘இதுதான் நான் இறக்கியது’ என்று காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

ஐயம் தீராத பொருளுக்கு, சரக்கு வருவதற்கு முன்பே முன்தீர்ப்பு கேட்கும் வழி இருக்கிறது. சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தின் அலுவலகங்கள் தில்லியிலும் மும்பையிலும் உள்ளன; விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய்; சட்டமோ பொருளோ மாறாதவரை தீர்ப்பு அதற்கென வரையறுத்த காலம்வரை செல்லும். அது விண்ணப்பித்தவரையும் துறையையும் மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதால் அடுத்தவர் பெற்ற தீர்ப்பை மேற்கோள் காட்டலாமே தவிர உரிமையாகக் கோர முடியாது. தொடர்ந்து ஒரே வகைத் திருகாணியைக் கொண்டுவர நினைப்பவருக்கு இது செலவல்ல என்பது என் கருத்து.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விற்பனையாளரிடம் இன்வாய்ஸிலேயே விவரத்தை முழுமையாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஸ்க்ரூ, பல வகை’ என்பதற்குப் பதிலாக, ‘செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, கார்பன் எஃகு, துத்தநாக முலாம், அறுகோண வாஷர் தலை, துளையிடும் முனை, 5.5 மில்லிமீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் நீளம், ரப்பர் வாஷருடன், உலோகக் கூரைத் தகடுக்கு’ என்று இருந்தால், படிக்கும் அதிகாரி பெட்டியைத் திறக்காமலே பொருளைக் கண்ணால் பார்த்துவிடுவார். ஒவ்வொரு வகைக்கும் தனி வரி, தனி நிகர எடை, தனி விலை இருக்கட்டும். சரக்கு வந்து இறங்கிய அன்றே ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் பத்துத் திருகாணிகளை எடுத்து, சிறு உறையில் இட்டு, மேலே பில் ஆஃப் என்ட்ரி எண்ணையும் தேதியையும் எழுதி, கேட்டலாக் பக்கத்தோடும் ஆலைச் சான்றிதழோடும் ஒரே கோப்பில் கட்டி வையுங்கள். அந்தக் கோப்பை ஐந்து ஆண்டுகளுக்கு எடை போட்டு விற்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.